அகல பெல்ட் வாங்கும் முன் விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே அளந்து பாருங்கள்

ஒன்பது சென்டிமீட்டர் அகலத்தில், கருங்காப்பி நிறத்தில், முன்புறம் இரட்டைப் பக்கிள் வைத்த தோல் பெல்ட் ஒன்றை மிகுந்த ஆசையோடு வாங்கினேன். கடைக் கண்ணாடி முன் நின்று பார்த்தபோது இடை எடுப்பாகத் தெரிந்தது. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தபோதும் குறை எதுவும் தோன்றவில்லை. அதே பெல்ட்டை ஒரு நீண்ட நிகழ்ச்சிக்கு அணிந்து சென்றேன். நாற்காலியில் உட்கார்ந்த சிறிது நேரத்திலேயே அதன் மேல் விளிம்பு விலா எலும்பில் முட்டியது, கீழ் விளிம்பு இடுப்பெலும்பில் அழுந்தியது, மூச்சை ஆழமாக இழுக்க முடியாமல் மூன்று மணி நேரம் விறைப்பாக நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து அவிழ்த்தபோது விலாவின் மேல் ஒரு சிவந்த கோடும் இடுப்பெலும்பின் மேல் இன்னொரு சிவந்த கோடும் பதிந்திருந்தன. அந்த இடங்களை விரலால் தடவி, எலும்பைத் தொட்டுணர்ந்து அளந்து பார்த்தேன். விலா முடியும் இடத்துக்கும் இடுப்பெலும்பு தொடங்கும் இடத்துக்கும் நடுவே எனக்கு இருப்பது 6 செ.மீ. மட்டுமே. ஒன்பது சென்டிமீட்டர் பெல்ட் உட்காருவதற்கு என் உடலில் இடமே இல்லை.

அதுவரை பெல்ட் என்றாலே இடைச் சுற்றளவு எவ்வளவு, எந்தத் துளையில் மாட்ட வேண்டும் என்பதை மட்டுமே யோசித்து வந்திருந்தேன். மூன்று சென்டிமீட்டர் அகலமுள்ள சாதாரண பெல்ட்டுக்கு அந்த யோசனை போதும். அகலம் 5 செ.மீ.யைத் தாண்டிவிட்டால், சுற்றளவைவிட முக்கியமாகிவிடுவது இடையின் உயரம். அதாவது மேலிருந்து கீழாக உங்கள் இடையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது. ஒல்லியானவர், பருமனானவர் என்ற வேறுபாட்டுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. மிக ஒல்லியாக இருந்தும் விலாவும் இடுப்பெலும்பும் இரண்டு விரல் இடைவெளியில் நெருங்கியிருப்பவர்கள் உண்டு. நல்ல உடற்கட்டோடு இருந்தும் அங்கே ஐந்து விரல் இடம் உள்ளவர்களும் உண்டு. முதலாமவருக்கு அகலமான பெல்ட் எத்தனை விலையுயர்ந்ததாக இருந்தாலும் மேலுடலையே விழுங்கிவிடும். இரண்டாமவருக்கு அது பிறந்ததிலிருந்தே அணிந்திருப்பதுபோல் பொருந்தும்.

அளக்கும் முறை எளிது. மெல்லிய உடையில் நிமிர்ந்து நின்று, உடலின் பக்கவாட்டில் கையை வைத்து, கடைசி விலாவின் கீழ் விளிம்பைத் தேடுங்கள். பிறகு கையை நேராகக் கீழே இறக்கினால் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு தட்டுப்படும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை இஞ்ச் டேப்பால் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்தால் சதை மடியும் இடம்தான் இடையின் குறுகலான இடம். பெரும்பாலானவர்களுக்கு அது இந்த இடைவெளிக்குள்ளேயே அமையும். நான் எனக்கென்று வைத்துக்கொண்ட விதி, பெல்ட்டின் அகலம் பக்கவாட்டில் இந்த அளவைவிட ஒரு சென்டிமீட்டராவது குறைவாக இருக்க வேண்டும் என்பது. "பக்கவாட்டில்" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. எலும்புகள் நெருங்கியிருப்பது அங்கேதான். முன்புறத்தில் விலாக் கூடு மேலே வளைந்து விலகிவிடுவதால் அங்கே தாராளமாக இடம் இருக்கும். ஆகவே, எனக்குப் போலக் குட்டையான மேலுடல் வாய்த்தவர்கள் அகல பெல்ட்டையே துறந்துவிட வேண்டியதில்லை. முன்புறம் 8 செ.மீ. அகலத்தில் விரிந்து, பக்கங்களில் 4 அல்லது 5 செ.மீ.யாகக் குறுகும் பெல்ட்டுகள் கிடைக்கின்றன. கண்ணுக்கு அகல பெல்ட்டின் கம்பீரம் கிடைக்கும், எலும்புக்கு இடையூறு இருக்காது.

அளந்து வாங்கிய பிறகும் சில பெல்ட்டுகள் உடலோடு ஒட்டாமல் நிற்கும். அதன் காரணத்தைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது ஒரு பழைய சொல். நம் புலவர்கள் பெண்ணின் இடையைக் கொடியிடை, நூலிடை, மின்னிடை என்றெல்லாம் பாடியிருக்கிறார்கள். அவற்றில் பெல்ட் அணிபவருக்குப் பயன்படும் சொல் துடியிடை. துடி என்பது இரு முனைகளும் அகன்று நடு ஒடுங்கிய, உடுக்கை வடிவத்துப் பறை. அதன் நடுவில் மெல்லிய கயிற்றைக் கட்டினால் ஒடுங்கிய இடத்தில் கச்சிதமாகப் போய் உட்காரும். அகலமான, விறைப்பான, நேராக வெட்டிய பட்டை ஒன்றைச் சுற்றினால் என்ன ஆகும்? பட்டையின் மேல், கீழ் விளிம்புகள் துடியின் அகன்ற பகுதிகளில் முட்டி நின்றுவிடும். நடுவே வெற்றிடம் விழும். எவ்வளவு இழுத்தாலும் பட்டை அந்த ஒடுக்கத்தைத் தொடாது.

இடையிலும் நடப்பது இதுவே. என் இடையின் குறுகலான இடம் 76 செ.மீ. சுற்றளவு, அதற்கு நான்கு சென்டிமீட்டர் மேலே 80, நான்கு சென்டிமீட்டர் கீழே 82. எட்டு சென்டிமீட்டர் அகலமுள்ள விறைப்பான நேர்ப்பட்டையை நான் அணிந்தால், அதன் விளிம்புகள் 80க்கும் 82க்கும் இடம் விட்டாக வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்கு என் இடை 80 சென்டிமீட்டருக்கு மேல் என்றுதான் தெரியும். இடையைக் குறுகலாகக் காட்ட வாங்கிய பொருள் அதை நான்கு சென்டிமீட்டர் கூட்டிக் காட்டிவிடுகிறது. இதைச் சரிசெய்வதற்காகப் பெல்ட்டை மேலும் இறுக்கினால், விளிம்புகள்தான் சதைக்குள் புதையும்.

ஜப்பானியப் பெண்கள் கிமோனோவின் மேல் கட்டும் ஒபி என்ற கச்சை இதற்கு எதிர்த்திசையிலிருந்து தீர்வு கண்டிருக்கிறது. ஒபி ஏறக்குறைய 30 செ.மீ. அகலமும் 4 மீட்டர் நீளமும் உள்ள நேர்த்துணி. அதை நீளவாக்கில் பாதியாக மடித்துச் சுற்றினாலும் முன்புறம் சுமார் 15 செ.மீ. அகலம் தெரியும். அத்தனை அகலமான நேர்ப்பட்டை சுருக்கமின்றிப் படிய வேண்டும் என்பதற்காக, இடையின் ஒடுக்கத்தில் துண்டுத்துணிகளைச் சுற்றி நிரப்பி, உடலை உருளைபோல் ஆக்கிக்கொண்டு அதன் மேல் ஒபியைக் கட்டுகிறார்கள். பட்டை நேராக இருந்தால் உடல் நேராக்கப்பட வேண்டும். உடலின் வளைவு தெரிய வேண்டுமென்றால் பட்டை வளைய வேண்டும். மூன்றாவது வழி இல்லை.

ஆகவே அகல பெல்ட்டை வாங்கும்போது முதல் வேலையாக அதைச் சமதளமான மேசையில் நீளமாக விரித்துப் பார்க்கிறேன். அளவுகோல்போல் நேராகக் கிடந்தால், அது மென்மையான தோலாகவோ இழுபடும் எலாஸ்டிக்காகவோ இருந்தாலொழிய வாங்குவதில்லை. மெல்லிய பிறைபோல் வளைந்து கிடந்தால் அது உடலின் சரிவை மனத்தில் கொண்டு வெட்டப்பட்டது. அதன் உட்பக்க விளிம்பு குட்டையாகவும் வெளிப்பக்க விளிம்பு நீளமாகவும் இருக்கும். அந்த நீண்ட விளிம்பு கீழே வருமாறு அணிந்தால் இடையிலிருந்து இடுப்பை நோக்கி இறங்கும் சரிவில் படிந்துகொள்ளும். மார்புக்குச் சற்றுக் கீழே அணிவதானால் நீண்ட விளிம்பு மேலே வர வேண்டும். பல துண்டுகளைச் செங்குத்துத் தையல்களால் இணைத்த பெல்ட்டாக இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு தையலிலும் சிறிது சிறிதாக ஒடுக்கம் கொடுக்கலாம் என்பதால் மேலும் கீழும் விரிந்து நடுவே ஒடுங்கும் உண்மையான துடி வடிவத்தை அதில்தான் கொண்டுவர முடியும்.

தோலில் கனம் முக்கியம். ஆண்களின் கால்சட்டைக்குப் போடும் பெல்ட்டின் 3, 4 மி.மீ. கனத்தில் அகல பெல்ட்டைச் செய்தால் அது பலகைபோல் நிற்கும், 2 மி.மீ. அளவுள்ள, கையில் மடித்தால் இணங்கி மடியும் தோலே இதற்கு ஏற்றது. தோல் துகள்களைப் பசையால் ஒட்டி மேலே பூச்சுக் கொடுத்துச் செய்யும் பெல்ட்டுகள் புதிதாக இருக்கும்போது அழகாக மின்னும். ஆனால் உட்கார்ந்து எழும்போது மடிகிற இடங்களில் பூச்சு வெடித்து உரியத் தொடங்கிவிடும். எலாஸ்டிக் பெல்ட்டை இரு கைகளாலும் இழுத்து விட்டால் உடனே பழைய நீளத்துக்குத் திரும்ப வேண்டும். அதன் விளிம்புகள் சுருண்டுகொள்ளாமல் இருக்க உள்ளே செங்குத்தாக மெல்லிய பிளாஸ்டிக் பட்டிகள் வைத்துத் தைத்திருக்கிறார்களா என்றும் தடவிப் பாருங்கள். அவை இல்லாத 7, 8 செ.மீ. எலாஸ்டிக் பெல்ட் ஒரு முறை உட்கார்ந்து எழுந்ததும் கயிறாகத் திரண்டுவிடும். நீளத்தைப் பொறுத்தவரை, பக்கிளின் முள் தொடங்கும் இடத்திலிருந்து நடுத்துளை வரை அளந்து, அது நீங்கள் பெல்ட்டை அணியப்போகும் இடத்தின் சுற்றளவுக்கு, உடையின் மேல் வைத்து அளந்த சுற்றளவுக்கு, சமமாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இனி, யாருக்கு எங்கே என்ற கேள்வி. பலரும் தயங்குவது வயிற்றை நினைத்துத்தான். வயிறு முன்னே வந்திருந்தால் பெல்ட்டே கூடாது என்று நெடுநாள் நானும் நம்பியிருந்தேன். கூடாதது ஒன்றுதான்: வயிற்றின் மிக உருண்ட பகுதியின் குறுக்கே இறுக்கமான பட்டையைக் கட்டுவது. அப்படிக் கட்டினால் பெல்ட்டுக்கு மேலே ஒரு மடிப்பும் கீழே ஒரு மடிப்பும் பிதுங்கி, ஒன்றாக இருந்தது இரண்டாகிவிடும். பெல்ட்டை மார்புக்குக் கீழே, விலாக் கூட்டின் மேல் அணிந்தால் நிலைமை வேறு. அந்த இடம் எலும்பால் ஆனது, பிதுங்காது. பெரும்பாலானவர்களுக்கு வயிற்றைவிடக் குறுகலானதும் அதுவே. அங்கிருந்து துணி தளர்ந்து கீழே இறங்கும்போது வயிறு அந்த இறக்கத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் அங்கே 5 செ.மீ.க்கு மேற்பட்ட அகலம் வேண்டாம். மூச்சு இழுக்கும்போது விலாக் கூடு விரியும் என்பதால் கொஞ்சமாவது எலாஸ்டிக் இருக்க வேண்டும்.

இதைவிடவும் எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. கவுனின் மேல் அகல பெல்ட்டை அணிந்து, அதன் மேல் பட்டன் போடாத பிளேசரையோ நீளமான மேலங்கியையோ போட்டுக்கொள்வது. கண்ணாடியில் இதை நிதானமாகக் கவனித்திருக்கிறேன். பிளேசரின் இரண்டு முன்விளிம்புகளும் செங்குத்தான கோடுகளாக இறங்குகின்றன. அவற்றின் நடுவே பெல்ட்டின் ஒரு சாண் அளவே தெரிகிறது. இடை எங்கே முடிகிறது என்பதை பிளேசர் மறைத்துக்கொள்வதால், தெரிகிற அந்த ஒரு சாணையே இடையின் அகலமாகக் கண் எடுத்துக்கொள்கிறது. பிளேசரைக் கழற்றினால் அந்த மாயம் போய்விடுகிறது, மீண்டும் போட்டால் வந்துவிடுகிறது. இதற்குப் பெல்ட் இறுக்கமாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. பக்கிள் மட்டும் பளபளப்பாக, பெரிதாக, வயிற்றின் நட்டநடுவில் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோலால் மூடிய பக்கிளோ, சற்றுப் பக்கவாட்டில் தள்ளி முடிச்சிடும் வகையோ நன்றாக இருக்கும்.

மார்பு பெரிதாக உள்ளவர்கள் பெல்ட்டின் மேல் விளிம்புக்கும் மார்புக்கும் நடுவே நான்கு விரல் வெற்றிடமாவது விட வேண்டும். அது இல்லாவிட்டால் மார்பு பெல்ட்டின் மேலேயே வைக்கப்பட்டதுபோல் நெருக்கமாகத் தெரியும். இடுப்பு அகன்று இடை ஒடுங்கியவர்களுக்கு நான் சொல்ல அதிகம் இல்லை. வளைவாக வெட்டிய பெல்ட் அவர்களுக்கென்றே பிறந்தது. இடுப்பெலும்புக்குக் கீழே தொங்கவிட்டு அணியும் பாணியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அகலமான பட்டை அங்கே நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும், கால்களும் குட்டையாகத் தெரியும்.

என் தங்கைக்குப் பிரச்சினை வேறு. அவள் உயரமானவள், தோள், இடை, இடுப்பு மூன்றும் ஏறத்தாழ ஒரே அகலம். அகல பெல்ட்டை உடலை ஒட்டிய உடையின் மேல் அணிந்தால், தூணில் பட்டை கட்டியதுபோல் இருக்கிறது என்று வருந்துவாள். அவளுக்குத் தேவை பெல்ட்டுக்கு மேலும் கீழும் துணியின் விரிவு. 1947 பிப்ரவரியில் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியன் தியோர் பாரிஸில் வெளியிட்ட முதல் தொகுப்பில் இதே உத்தி இருந்தது. இடுப்புப் பகுதியில் உள்ளே திணிப்பு வைத்துப் புடைக்கச் செய்த ஜாக்கெட்டும் அதன் கீழே பல மீட்டர் துணியில் விரிந்த ஸ்கர்ட்டும் சேர்ந்து நடுவிலிருந்த இடையைச் சிறியதாகக் காட்டின. தங்கை சற்றுத் தளர்வான சட்டையை மடிப்பு வைத்த ஸ்கர்ட்டுக்குள் செருகி, பெல்ட்டை மாட்டிய பிறகு சட்டையை இரண்டு விரல் அளவு மேலே இழுத்துப் புடைக்க விட்டாள். சுற்றளவு ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை, இடை பிறந்துவிட்டது.

நிறத்தைப் பற்றிச் சொல்லும்போது, குறுக்கே ஓடும் கோடு எல்லாம் உடலைப் பருமனாகக் காட்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். ஜெர்மானிய அறிவியலாளர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1867ஆம் ஆண்டிலேயே, ஒரே அளவுள்ள இரண்டு சதுரங்களில் கிடைக்கோடுகள் நிரப்பியது உயரமாகவும் செங்குத்துக்கோடுகள் நிரப்பியது அகலமாகவும் தோன்றுவதைக் குறிப்பிட்டிருக்கிறார். ஆகவே பெல்ட் கிடையாக ஓடுகிறது என்பதாலேயே அஞ்ச வேண்டாம். அது உடலை எந்த இடத்தில், எவ்வளவு அழுத்தமாக இரண்டாகப் பிரிக்கிறது என்பதே கேள்வி. வெள்ளைக் கவுனில் கறுப்புப் பெல்ட் அழுத்தமாகப் பிரிக்கும். உயரமானவருக்கு அது அழகு, குள்ளமானவருக்கு உயரத்தைக் குறைக்கும். கால்கள் குட்டை என்று நினைப்பவர்கள் பெல்ட்டின் நிறத்தைக் கீழாடையோடு சேர்த்துக்கொண்டால், கீழாடை பெல்ட்டின் மேல் விளிம்பிலிருந்தே தொடங்குவதாகக் கண் நம்பிக் கால்கள் நீண்டு தெரியும். என்னைப் போல் மேலுடல் குட்டையானவர்கள் பெல்ட்டின் நிறத்தை மேல்சட்டையோடு சேர்க்க வேண்டும். இந்த ஒரு மாற்றத்தால், ஒதுக்கி வைத்திருந்த நீலச் சட்டை ஒன்றை மீண்டும் அணியத் தொடங்கினேன். அதே நீலத்தில் 5 செ.மீ. துணிப் பெல்ட் தைத்துக்கொண்டதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை.

அணியும் விதத்திலும் ஒரு பக்குவம் இருக்கிறது. தளர்வான உடையின் மேல் பெல்ட்டை அப்படியே இழுத்து மாட்டினால் மடிப்புகள் எல்லாம் வயிற்றின் முன்னால் வந்து திரளும். பெல்ட்டை மாட்டுவதற்கு முன், இரண்டு கைகளாலும் முன்புறத் துணியை நடுவிலிருந்து பக்கங்களை நோக்கி நீவி, உபரித் துணியைப் பக்கத் தையலுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, முன்புறம் தட்டையாக இருக்கும் நிலையில் மாட்டுங்கள். பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி இறக்குங்கள். உடைக்குத் தேவையான தளர்வைத் துணி தானாகவே பெல்ட்டுக்கு அடியிலிருந்து எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் நாள் முழுவதும் கையைத் தூக்கும்போதெல்லாம் கவுன் ஏறிக்கொண்டே இருக்கும். சாட்டின் போன்ற வழுக்கும் துணியில் பெல்ட் நிற்காது என்பதால், பெல்ட்டின் உட்பக்கத்தில் வெல்வெட் துணியை வைத்துத் தைத்துக்கொள்ளலாம். கிளேர் மெக்கார்டெல் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 1938இல் இடை என்பதே வெட்டப்படாமல் தோளிலிருந்து தளர்ந்து தொங்கும் கவுன் ஒன்றைச் செய்து, இடையை எங்கே வைத்துக்கொள்வது என்பதைப் பெல்ட் கட்டுபவரிடமே விட்டுவிட்டார். கூடாரம்போல் தொங்கும் கவுனைப் பெல்ட்டோடு அணியும்போதெல்லாம் அவரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

இறுக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். உட்கார்ந்தால் இடைச் சுற்றளவு கூடும், சாப்பிட்டாலும் கூடும். எனவே பெல்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது உட்கார்ந்த நிலையில், உள்ளே இரண்டு விரல் சிரமமின்றி நுழைகிறதா என்று பார்த்து அந்தத் துளையையே உங்கள் துளையாக வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கமான பெல்ட் வயிற்றின் உள்ளழுத்தத்தைக் கூட்டி இரைப்பையின் அமிலம் மேலேறி வருவதற்கு வழி செய்யும். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இதை உடனே உணர்வார்கள். இடுப்பெலும்பின் முன்முனைக்கு அருகே தொடைக்குச் செல்லும் உணர்வு நரம்பு ஒன்று ஓடுகிறது. அங்கே தொடர்ந்து அழுத்தினால் தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போவதும் எரிவதும் உண்டு. அப்படித் தோன்றினால் பெல்ட்டை அன்றே நிறுத்திவிடுங்கள். நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்த ஒன்பது சென்டிமீட்டர் பெல்ட்டைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன். அவளை நிற்க வைத்து விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே அளந்தபோது பத்தரை சென்டிமீட்டர் இருந்தது. சுற்றளவு மட்டும் அவளுக்குச் சற்றுத் தளர்வாக இருந்ததால், இருந்த துளைகளின் இடைவெளியை அளந்து, ஊசி முனையால் குறித்து, துளையிடும் கருவியால் ஒரு ஜோடித் துளைகளைக் கூடுதலாகப் போட்டோம். மடிப்பு வைத்த சாம்பல் நிற ஸ்கர்ட்டின் மேல் அதை அணிந்து நாற்காலியில் உட்கார்ந்தாள், குனிந்து செருப்பை மாட்டினாள், எழுந்தாள். பெல்ட் இருந்த இடத்திலேயே இருந்தது.